கரகரக்கும் கிதாரும் மூன்று சுவிட்சுகளும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவளுடைய மகனுக்கு வயது பதினேழு. நடுக்கூடத்தில் ஒரு கிதார் ஆம்ப்ளிபயர், முன்பக்கத் துணி நீக்கப்பெற்று மல்லாந்து கிடந்தது. அதன் அருகே சவரப் பிளேடு ஒன்றைக் கையில் பிடித்தவாறு பிள்ளை அமர்ந்திருந்தான். அந்த ஆம்ப்ளிபயர் அவனுடையதன்று. பொங்கல் விழாவில் வாசிப்பதற்கென்று நண்பர் குடும்பம் ஒன்றிலிருந்து இரவல் பெற்றது.

“என்ன செய்யப்போகிறாய்?” என்றேன்.

“ஸ்பீக்கர்க் காகிதத்தை நாலைந்து இடங்களில் கீறப்போகிறேன், மாமா. இங்கிலாந்தில் ஒருவர் அப்படிச் செய்துதான் அந்தக் கரகரப்பு ஒலியைக் கொண்டுவந்தாராம்.”

“கிழிந்த ஸ்பீக்கரின் ஓசையைக் கேட்கவா இவனுக்குக் கிதார் வாங்கிக் கொடுத்தேன்?” என்று உள்ளறையிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

பிள்ளை கூறியது பொய்யன்று. 1964-ஆம் ஆண்டில், லண்டனைச் சேர்ந்த கிங்க்ஸ் என்னும் குழுவின் கிதார்க் கலைஞர் டேவ் டேவீஸ், தம்மிடமிருந்த மலிவான சிறு ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர்க் காகிதத்தைப் பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். அப்போது அவருக்கும் வயது பதினேழுதான். அந்த இசைத்தட்டு அங்கே முதலிடம் பெற்றது. ஆனால் அவர் கீறியது தம் சொந்தப் பொருளை. அன்றியும், கீறிய காகிதம் கீறியதுதான். அதன்பின் அதில் தெளிந்த நாதம் வேண்டுமென்றால் எங்கே போவது? இரவல் கொடுத்தவரிடம் என்ன சொல்வது? இவ்வாறு கேட்டதும் பிள்ளை பிளேடைக் கீழே வைத்துவிட்டான். அதற்குள் ஒரு கீறல்கூட விழவில்லை என்பது எங்கள் நல்லூழ்.

இந்தக் கரகரப்பின் வரலாற்றில் இதற்கும் முந்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதையே அன்று அவனுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக்கூடத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்பவர் பாடி, 1961-இல் வெளிவந்த பாட்டு ஒன்று. அதைப் பதிவு செய்கையில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்திப் பேஸ் கிதாரின் ஒலி சென்ற வழியில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிட்டது. ஒலி வண்டு இரைவது போல் இரைந்தது. அழிக்க வேண்டியதை அழிக்காமல் வெளியிட்டார்கள், மக்களுக்குப் பிடித்துவிட்டது. பிற பாடகர்களும் வந்து “அந்த இரைச்சல் எங்களுக்கும் வேண்டும்” என்றனர். அதற்குள் டிரான்ஸ்பார்மர் முற்றிலும் செத்துவிட்டது. பழுதை வேண்டியபோது வரவழைக்க வழியில்லை. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் சிறு சுற்று ஒன்றை அமைத்தார். கிப்ஸன் நிறுவனம் 1962-இல் அதனை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலால் மிதித்தால் கரகரப்பு. மறுபடி மிதித்தால் தெளிந்த நாதம். முதலில் வாங்குவார் குறைவு. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் அதனைப் பயன்படுத்திய பிறகு கடைகளில் இருந்தவை அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

டிரான்ஸ்பார்மரின் பழுது தானே வந்தது, தானே போயிற்று. டேவீஸின் கீறலோ வந்தது, போகவில்லை. ஸ்னாடியின் பெட்டியில் பழுதுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது.

அத்தான் இளமையில் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசித்தவர். ஆகவே அவருக்கு வேறொரு வழியில் சொல்லவேண்டியிருந்தது. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கிடையே குச்சித் துணுக்குகளைச் செருகுகிறோமே, எதற்காக? கப்பி மிருதங்கத்தில் கல் துணுக்குகளை வைப்பது எதற்காக? தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூலிழையை இட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி, ஜீவா பிடிப்பது எதற்காக? தந்தி சுத்தமாக மட்டும் ஒலித்தால் போதாது, அதனோடு ஒரு சிறு அதிர்வோசை சேரவேண்டும் என்றுதானே! நூலை எடுத்துவிட்டால் அந்த ரீங்காரமும் போய்விடும். அத்தான் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு பெட்டி செய்ய ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்டார். கடையில் விற்கும் பெடல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். நாமே செய்தால் சில நூறு ரூபாயோடு முடியும் என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிபயரின் உள்ளே கை வைக்கக்கூடாது. 230 வோல்ட் ஆளைக் கொல்லும். பழைய வால்வு ஆம்ப்ளிபயராயின், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். நாம் விளையாடும் இடம் 9 வோல்ட் பாட்டரிப் பெட்டியோடு நிற்கவேண்டும். இதனைப் பெற்றோர் அனைவரும் தம் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்.

இனிப் பெட்டியின் அமைப்பைப் பார்ப்போம். 1970-களில் எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட டிஸ்டார்ஷன் பிளஸ் என்னும் பெடலின் சுற்று மிக எளியது. புதிதாகச் செய்பவர்க்கு ஏற்றது. அதில் 741 என்னும் ஐ.சி. ஒன்று உண்டு. 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட அந்த ஐ.சி. இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. கிதாரிலிருந்து வரும் மெலிந்த மின்னலையை அது பெருக்குகிறது. கண்ட்ரோலை முழுதும் திருப்பினால் ஏறக்குறைய 214 மடங்கு. பெருத்த அலை வெளியேறும் வழியில், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இரண்டு டயோடுகள் கிரவுண்டுக்குப் பாலம்போல் நிற்கின்றன. டயோடு என்பது குறிப்பிட்ட அழுத்தம் வரையில் வாயைத் திறக்காது. அதற்குமேல் போனால் மின்சாரத்தைத் தன் வழியே கீழே விட்டுவிடும். எனவே அலையின் முகடும் பள்ளமும் அரிவாளால் சீவியது போல் தட்டையாகின்றன. தலை சீவப்பட்ட அலையில், முன்பு இல்லாத உச்சச் சுரங்கள் பல பிறக்கின்றன. அவையே நாம் கேட்கும் கரகரப்பு. 2011-இல் வெளிவந்த ராக்ஸ்டார் என்னும் இந்திப் படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘சட்டா ஹக்’ பாட்டில் ஓரியாந்தி என்னும் பெண்மணி வாசித்த கிதாரைக் கேட்டவர்களுக்கு நான் கூறுவது விளங்கும்.

எந்த உயரத்தில் சீவுவது என்பதை டயோடின் பொருள் தீர்மானிக்கிறது. ஜெர்மேனியம் சுமார் 0.3 வோல்ட்டில் வழிவிடும், சிலிக்கான் 0.6 அல்லது 0.7-இல், சிவப்பு எல்.இ.டி. விளக்கு 1.7-இல். எம்.எக்ஸ்.ஆர். பெடலில் இருப்பது ஜெர்மேனியம். அதே காலத்து டி.ஓ.டி. 250 என்னும் பெடலைத் திறந்து பார்த்தால் சுற்று ஏறக்குறைய அதுவே. டயோடுகள் மட்டும் சிலிக்கான். இரண்டும் இரு வேறு பெயர்களில் விற்றன. இரண்டுக்கும் தனித்தனி அன்பர்கள் உண்டு. ஆகவே ஒரு பெட்டியில் இருவகை டயோடுகளையும் வைத்து, நடுவே ஒரு சுவிட்சை மாட்டிவிட்டால் இரண்டு பெடல்கள் நம் கையில்!

ஜெர்மேனிய டயோடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆயின் நம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஒலியைப் பிரித்தெடுக்கும் இடத்தில் ஓ.ஏ. 79 என்னும் சிறு கண்ணாடிக் குழல் இருக்கும். அது ஜெர்மேனியமே. ஊரிலிருந்து வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பிறகு பேசாமற்போன ரேடியோ நம்மவர் வீடுகளில் எத்தனையோ உண்டு. அத்தகைய இரண்டு ரேடியோக்களிலிருந்து எங்களுக்கு ஒரு ஜோடி கிடைத்தது. அவற்றைக் கழற்றும்போதும் பற்றவைக்கும்போதும் காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொள்ளவேண்டும். சூடு குறடு வழியே போய்விடும். இல்லையேல் ஜெர்மேனியம் தாங்காது. எஞ்சிய உறுப்புகளைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு நண்பர் வாங்கி அனுப்பினார். அவை கப்பலில் வந்து சேர்ந்தன. இங்கே ஒரு பொருள் கருகிவிட்டால் அடுத்த தெருவில் போய் வாங்க இயலாது. அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். அதனால் நாங்கள் எதையும் இருமுறை பார்த்தே பற்றவைத்தோம்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குச் சொல்ல எனக்கு என் தொழிலே உதவிற்று. ரயிலே ஓடாத இத்தீவில் ரயில்வே எழுத்தனுக்கு என்ன வேலை என்று பலர் சிரிப்பதுண்டு. கப்பலேறிப் போகிறவர்களுக்கு அக்கரையில் ரயில் வேண்டாமா? முன்பு நான் ஒரு சந்திப்பு நிலையத்தில் இருந்தேன். அங்கே தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் பாயிண்ட் இருக்கும். வண்டிக்கு அது வேகம் தருவதில்லை. எந்தப் பாதையில் போகவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. சுவிட்சும் அவ்வாறே. நடுக்கால் என்பது வந்து சேரும் பாதை. இருபுறக் கால்கள் பிரிந்து செல்லும் பாதைகள்.

முதல் சுவிட்சுக்கு மூன்று கால்களும் மூன்று நிலைகளும் உள்ள டாகிள் சுவிட்சை எடுத்துக்கொண்டோம். அதன் குமிழ் மேலும் கீழும் சாய்வதோடு நடுவிலும் நிற்கும். நடுவில் நின்றால் எதனோடும் இணைப்பில்லை. பலகையில் டயோடுகள் அமரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, ஒலி வெளியேறும் வழியிலிருந்து ஒரு கம்பியைச் சுவிட்சின் நடுக்காலுக்குக் கொண்டுவந்தோம். ஒரு புறக்காலில் ஜெர்மேனிய ஜோடி, மறுபுறக்காலில் எல்.இ.டி. ஜோடி. இரண்டு ஜோடிகளின் மறுமுனைகளும் கிரவுண்டுக்குப் போகும். ஜோடி என்றால் எதிரெதிர் முகமாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே முகமாயின் அலையின் ஒரு பாதிதான் சீவப்படும். டாகிள் சுவிட்சில் குமிழை மேலே தள்ளினால் நடுக்கால் கீழ்க்காலோடு சேர்கிறது என்பது புதியவர்களை ஏமாற்றும் செய்தி. பெட்டியின்மேல் பெயர் எழுதுமுன் மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்க.

குமிழ் நடுவில் நிற்கையில் டயோடே இல்லை. அப்போது ஐ.சி. தன் 9 வோல்ட் எல்லையில் முட்டித் தானே கரகரக்கும். ஒலியளவோ ஜெர்மேனிய நிலையைவிடப் பன்மடங்கு. முதல் நாள் இதை மறந்து பிள்ளை குமிழைத் தட்ட, மாடத்திலிருந்த விளக்கு அதிர்ந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வால்யூமைக் குறைத்துவிட்டே நடுநிலைக்கு வரவேண்டும்.

இரண்டாம் சுவிட்ச் கனத்திற்கானது. ஐ.சி.யின் பெருக்கத்தை நிர்ணயிக்கும் வழியில் 4,700 ஓம் ரெஸிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராக நிற்கின்றன. கண்டென்சரின் மேல் 473 என்று எழுதியிருக்கும். முழுப் பெருக்கத்தில் இவ்விரண்டும் சேர்ந்து, விநாடிக்கு 720 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட சுரங்களை வரவரக் குறைவாகவே பெருக்குகின்றன. கிதாரின் தடித்த தந்தி வெறுமையாக ஒலிக்கையில் 82 அதிர்வு. ஆகவே கீழ்ச்சுரங்கள் மெலிந்து, மேற்சுரங்களே கரகரக்கும். கண்டென்சருக்குப் பக்கத்தில் 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை இணையாகச் சேர்த்தால் அந்த எல்லை 720-இலிருந்து 230-க்கு இறங்குகிறது. பத்தாம் வகுப்போடு நின்ற நானே போட்ட கணக்கு இது. சேர்க்கவும் நீக்கவும் இரண்டு கால் சுவிட்ச் ஒன்று போதும். போட்டவுடன் ‘டப்’ என்று வெடியோசை கேட்டால் அஞ்சவேண்டாம். வெறுமையாக இருந்த கண்டென்சர் திடீரென்று நிரம்புவதன் ஓசை அது. சுவிட்சின் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு மெகாஓம் ரெஸிஸ்டரைப் பற்றவைத்தால், கண்டென்சர் எப்போதும் நிரம்பியே இருக்கும், வெடி நின்றுவிடும்.

மூன்றாவது, காலால் மிதிக்கும் சுவிட்ச். எங்களைப் பத்து நாள் கலங்கவைத்தது இதுதான். இதற்கு வரிசைக்கு மூன்றாக ஒன்பது கால்கள். ஒரு சுவிட்சுக்குள் மூன்று பாயிண்டுகள் சேர்ந்து நகர்வதாகக் கொள்ளலாம். முதல் பாயிண்டின் நடுக்கால் கிதார் வரும் ஜாக்குக்கு. இரண்டாவதன் நடுக்கால் ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஜாக்குக்கு. மூன்றாவதன் நடுக்கால் கிரவுண்டுக்கு. ஒரு புறக்கால்கள் முறையே பலகையின் உள்வாய், வெளிவாய், அடையாள விளக்கின் நெகட்டிவ் கால் ஆகியவற்றுக்கு. மறுபுறத்தில் முதல் இரண்டு கால்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால், ஒலி பலகையைத் தொடாமல் நேரே போய்விடும். விளக்கின் பாசிட்டிவ் காலை 4,700 ஓம் ரெஸிஸ்டர் வழியே 9 வோல்ட்டோடு சேர்க்கவேண்டும்.

பிள்ளை இவ்வளவையும் அழகாகச் செய்து முடித்தான். கிதாரைச் செருகினான், தெளிந்த நாதம் வந்தது. மிதித்தான், மௌனம். மறுபடி மிதித்தால் நாதம், மறுபடியும் மௌனம். ஐ.சி. கருகிவிட்டது என்று முடிவுகட்டி, முகம் வாடி, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். பொங்கலுக்கோ மூன்று வாரமே இருந்தது. நண்பருக்குக் கடிதம் எழுதும்படி என்னிடம் வந்தான்.

எழுதுமுன் மல்டிமீட்டரை எடுத்துவரச் சொன்னேன். சுவிட்சின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. சுவிட்சைக் கால் வட்டம் திருப்பி மாட்டியிருந்தான். ஒன்பது கால்களும் சதுரமாக நிற்பதால் எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பாயிண்டுகள் நெடுக்கே இருக்கவேண்டிய இடத்தில் குறுக்கே இருந்தன. அதனால் நடுவரிசையில் ஆம்ப்ளிபயருக்குப் போகும் கம்பி, ஒரு நிலையில் கிதாரோடும் மறுநிலையில் கிரவுண்டோடும் சேர்ந்தது. கிரவுண்டோடு சேர்ந்த ஒலி எங்கே கேட்கும்? ஐ.சி. பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. சுவிட்சைக் கழற்றித் திருப்பலாம் என்றால் பெட்டிக்குள் கம்பிகளின் நீளம் போதவில்லை. ஆகவே கம்பிகளைத்தான் இடம் மாற்றினோம். ஒரு காலைச் சூடாக்கியபின் அது ஆறும் வரை நின்று அடுத்ததைத் தொட்டோம். ஒரே மூச்சில் ஒன்பதையும் சூடாக்கினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகிக் கால்கள் ஆடத் தொடங்கிவிடும். கம்பியைத் தொடுமுன் எந்தக் கால் எதனோடு சேர்கிறது என்று மீட்டரால் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்வது ஐந்து நிமிட வேலை. அதை முதலிலேயே செய்யாதது அவன் தவறு என்பதைவிட, அவனிடம் சொல்லாத என் தவறு.

பெட்டியைப் பற்றி இரண்டொரு சொற்கள். உலோகப் பெட்டியாக இருந்து, அது கிரவுண்டோடு இணைந்திருக்கவேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் வீட்டு மின்கம்பிகளின் உறுமலெல்லாம் உள்ளே வந்துவிடும். நாங்கள் கொண்டது அக்காளின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதில் துளையிடுவது எளிதன்று, துரப்பணம் வழுக்கும். முதலில் ஆணியால் குழி பதித்துக்கொள்ளவேண்டும். அப்படியும் ஒரு துளை இடம் தவறி விழுந்தது. அக்காளுக்கு வேறு டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மெயின்லேண்டில் எழுதப்படும் குறிப்புகளில் காணாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும், எந்நாளும் வீசும் உப்புக்காற்றும் சேர்ந்து, சுவிட்சின் உள்ளிருக்கும் தொடுவாய்களைக் கறுக்கச் செய்கின்றன. ஜாக்கிலும் பாட்டரிக் கொக்கியிலும் பச்சை பூக்கிறது. பிறகு வருவது நாம் விரும்பாத கரகரப்பு. அதற்குச் சுவிட்ச் கிடையாது. பெடலை வாசிக்காத நாட்களிலும் சுவிட்சுகளைப் பத்து முறை தட்டிவிட்டால் தொடுவாய்கள் தம்மைத் தாமே தேய்த்துக்கொள்ளும். உப்புத்தாளால் தேய்க்கலாகாது, மேற்பூச்சு போய்விடும். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பெட்டிக்குள் இரண்டு போட்டு வைக்கலாம். வேலை முடிந்ததும் கிதார்க் கம்பியைப் பிடுங்கிவிடவேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையை ஸ்டீரியோ ஜாக்கின் இடைக்காலில் இணைத்திருந்தால், பிளக்கைச் செருகினால்தான் மின்சாரம் ஓடும், பிடுங்கினால் நின்றுவிடும். தனியாக ஒரு பாட்டரி சுவிட்ச் வேண்டியதில்லை.

பொங்கலன்று மாலை பிள்ளை இரண்டு பாட்டுகள் வாசித்தான். முதல் பாட்டு தெளிந்த நாதத்தில், இரண்டாவதில் மிதித்தான். ஜெர்மேனிய நிலையில், பெருக்கத்தைக் கால்வாசிக்கு வைத்திருந்தான். அத்தான் என் பக்கத்தில் இருந்தார். சற்று நேரம் கேட்டுவிட்டு, “குச்சி போட்ட வலந்தலை மாதிரி இருக்கிறது” என்றார். வீடு திரும்பும் வழியில், நடுநிலையை மட்டும் இரவில் தட்டவேண்டாம் என்று மகனிடம் சொன்னார். இரவல் ஆம்ப்ளிபயர் மறுநாள் அதன் வீட்டிற்குப் போய்ச் சேர்ந்தது, ஸ்பீக்கர் கிழியாமலே.

டிபன் பாக்ஸில் இடம் தவறி விழுந்த துளை இன்னும் வெறுமையாக இருக்கிறது. அங்கே நாலாவது சுவிட்ச் ஒன்றை வைத்துச் சிலிக்கான் ஜோடியையும் சேர்க்கலாமா என்று பிள்ளை கேட்கிறான். இடம் போதுமா என்று அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.